தாய்வழி தேடுகிறேன்: அம்மாயியைப் பெற்றவர் எந்த ஊர்?

காங்கயத்துப் பேத்தி:

எல்லோருக்கும் வணக்கமுங்க. அப்பா வழியில் எங்களுக்குக் குறையே இல்லை. கூட்டம் (குலப் பிரிவு) தெரியும், காணியூர் (கூட்டத்தின் பூர்வீக ஊர்) தெரியும், குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலரில் ஏழு தலைமுறைக்கு ஆண்கள் பெயர் வரிசையாக அச்சாகியிருக்கிறது. ஒரு பெண் பெயர் கிடையாது. ஏழு தலைமுறையும் ஆண்களே பெற்று ஆண்களே வளர்த்தார்கள் போல.

நான் தேடுவது அம்மா வழி. அதிலும் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வழி இல்லை. அம்மா, அம்மாயி (அம்மாவின் அம்மா), அம்மாயியைப் பெற்றவர், அவரைப் பெற்றவர் என்று பெண்கள் வழியாகவே மேலே போக வேண்டும். அம்மாயி வரைக்கும் தெரியும். காங்கயத்துக்குத் தெற்கே மானாவாரிக் காடு, கொஞ்சம் கொறங்காடு (மேய்ச்சல் காடு), ஒரு கிணறு, தொண்டுப்பட்டியில் நாலு உருப்படி மாடு. அம்மாயியைப் பெற்றவரை ஊரே ‘கரட்டுப்பாளையத்தா’ என்றுதான் கூப்பிட்டதாம். சொந்தப் பெயர் என் அம்மாவுக்கே தெரியவில்லை. பெரியம்மா ஒரு பெயர் சொல்கிறார், சின்ன அப்புச்சி வேறு பெயர் சொல்கிறார். பவானிசாகர் அணை கட்டி முடிக்கும் முன்பே இறந்துவிட்டார், அதாவது 1955க்கு முன். போட்டோ இல்லை.

மார்கழியில் பாரியூர்க் குண்டம் (தீமிதி) முடியும்வரை கவிச்சி தொட மாட்டாராம். அப்புறம், அம்மாயி ஊரில் ஒன்றரை ஏக்கர் பூமியை இன்றைக்கும் ‘ஆத்தா காடு’ என்கிறார்கள். அது கரட்டுப்பாளையத்தாளின் மஞ்சக்காணியில் (பிறந்த வீட்டார் பெண்ணுக்குக் கொடுக்கும் பூமி) வந்தது என்று பேச்சு. இவ்வளவுதான் துப்பு. கரட்டுப்பாளையம் தாலூகாவுக்கு ஒன்று இருக்கிறது. எதில் போய் நிற்பது?

இட்டேரி:

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் அக்கா. அப்பா வழி தேடும்போது ஒரே கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு போகலாம். பெண் வழியில் ஒவ்வொரு படியிலும் கூட்டம் மாறும், குலதெய்வம் மாறும், ஊர் மாறும். உங்கள் அம்மாயி பிறந்த கூட்டம் அவருடைய அப்பா கூட்டம். கரட்டுப்பாளையத்தா பிறந்தது நிச்சயம் வேறு கூட்டம், ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்க மாட்டார்கள் அல்லவா. அதனால் ‘எங்க அம்மா வழி என்ன கூட்டம்’ என்று கேட்டுக்கொண்டு ஒரு கோயிலுக்குப் போனால் ஒரு தலைமுறைதான் கிடைக்கும்.

சீர்களை விசாரியுங்கள். கல்யாணமான பெண்ணுக்கு எழுதிங்கள் என்ற சீரைச் செய்வது பொறந்தவன் (உடன்பிறந்தவன்). மகளுக்குத் திரட்டி (பூப்புச் சடங்கு) சுற்றும்போது முன்னால் நிற்பது தாய்மாமன். சாவுக்குக் கோடி எடுத்து வருவது பிறந்த வீடு. உங்கள் அம்மாயி கல்யாணத்தில் தாய்மாமனாக வந்து நின்றது யார், எந்த ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார் என்று வயசான பெண்களிடம் கேளுங்கள். ஆண்களிடம் கேட்டால் எத்தனை ஏக்கர், எத்தனை மாடு என்று மட்டும் ஞாபகம் இருக்கும். என் அனுபவம் இது.

கீழ்பவானி:

பாரியூர் என்றாலே கோபிதான். கொண்டத்துக் காளியம்மனுக்கு விரதம் இருந்தவர் என்றால் கோபி பக்கத்துக் கரட்டுப்பாளையம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எங்கள் வீட்டிலும் கட்டிக்கொடுத்துப் போன அத்தைகள் எந்த ஊரில் இருந்தாலும் மார்கழியில் விரதத்தை விட மாட்டார்கள்.

நொய்யல்:

கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டாமுங்க. காங்கயத்திலிருந்து கோபி அறுபது கிலோமீட்டர் பக்கம். அந்தக் காலத்துப் பண்ணையக்காரர் பெண்ணைக் கொடுத்தால் விடியக்காலை வண்டி பூட்டி, பொழுதுக்குள் போய்ச் சேருகிற தூரத்தில்தான் கொடுப்பார். அதுவும் முறை விட்டுப்போகக் கூடாது என்று அத்தை மகனுக்கும் மாமன் மகனுக்குமே மாற்றி மாற்றிக் கட்டி வைப்பார்கள். எங்கள் அம்மா வழியில் மூன்று தலைமுறைப் பெண்கள் இரண்டே ஊருக்குள் போய்த் திரும்பியிருக்கிறார்கள். குண்டத்துக்கு விரதம் இருக்கும் பழக்கம் மாமியார் வழியாகவும் வரும். பண்ணாரி, பாரியூர் எல்லாம் ஊர் ஊராக ஆள் வருகிற கோயில்கள். சென்னிமலை, பெருந்துறைப் பக்கங்களில் முதலில் தேடுங்கள்.

சந்தைக்கடை மேடு:

தூரத்தை வைத்து மட்டும் தள்ளிவிடக் கூடாது. காங்கயம் பக்கத்து ஆட்களுக்கு மாடு இருக்கிறது. சித்திரையில் கன்னபுரம் மாரியம்மன் நோம்பிக்குக் கூடுகிற மாட்டுச் சந்தைக்கு வடக்கேயிருந்து ஆள் வருவார்கள். இங்கிருந்து ஆடியில் அந்தியூர்க் குருநாதசாமி சந்தைக்குப் போவார்கள். வாய்க்கால் பாசனம் இருக்கிற ஊர்க்காரனுக்கு உழவு மாடு வேண்டும், மேட்டுக்காட்டுக்காரனுக்கு அதை வளர்க்கத் தெரியும். வருஷா வருஷம் ஒருத்தரிடமே மாடு வாங்கினால் மூன்றாம் வருஷம் ‘உங்க ஊட்ல பொண்ணு இருக்குதுங்களா’ என்ற பேச்சு வராமலா போகும்? என் பாட்டனுக்கு அப்படித்தான் அந்தியூரிலிருந்து பெண் வந்தது.

பத்திரக்காரர் மகன்:

பத்திரம் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட வீட்டில் பிறந்தவன் என்பதால் இதை மட்டும் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயில் மலர் பெண்களை விட்டுவிடும். பத்திரம் விடாது, விட்டால் நாளைக்கு வழக்கு வரும். ஆனால் பெண் எப்போது பத்திரத்துக்குள் வருகிறாள் என்பது அந்தந்தக் காலத்துச் சட்டத்தைப் பொறுத்தது. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும்வரை, மகன் இருக்கும் வீட்டில் தகப்பன் சொத்தில் மகளுக்குப் பங்கில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் அக்கா தங்கை கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. அந்தச் சட்டத்துக்குப் பிறகு தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய பங்கில் மகளுக்கும் உரிமை வந்தது. அப்போதிருந்துதான் ‘எனக்கு இனி எவ்வித பாத்தியமும் இல்லை’ என்று பெண்கள் எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரங்கள் பெருகுகின்றன. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில், அதற்கு முன் கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்திலும் மகன்களுக்குச் சமமான பங்கு வந்தது. 2005இல் மத்தியச் சட்டத்தைத் திருத்தியபோது கல்யாணமான மகள்களும் சேர்ந்துகொண்டார்கள். கொங்கு நாட்டில் நிலம் விலை ஏற ஏற இந்தக் கையெழுத்துகளின் அருமையும் ஏறியது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த இடத்தில்தான் நம் பாட்டிகளின் முழு விவரமும் கிடைக்கிறது: சொந்தப் பெயர், தகப்பன் பெயர், புருஷன் பெயர், வயது, இருக்கும் ஊர், உடன்பிறந்தோர் வரிசை. உங்கள் அம்மாயியை அங்கே பிடிக்கலாம்.

கரட்டுப்பாளையத்தா 1955க்கு முன்பே போய்விட்டார், அவருக்கு அந்த வாசல் இல்லை. அவருக்கு இருப்பது ஸ்ரீதனம். அது மட்டும் அந்தக் காலத்திலும் பெண்ணின் சொந்தச் சொத்து. யோசித்துப் பாருங்கள்: மஞ்சக்காணி கொடுப்பது பிறந்த ஊர்ப் பூமியில். உங்கள் ‘ஆத்தா காடு’ இருப்பதோ புகுந்த ஊரில். அப்படியானால் அங்கே விற்று இங்கே வாங்கியிருக்கிறார்கள். இரண்டு கிரயம் நடந்திருக்க வேண்டும். இங்கே வாங்கிய பத்திரத்தில் ‘எனது ஸ்ரீதன பூமியைக் கிரயம் செய்து வந்த ரொக்கத்தைக் கொண்டு’ என்று ஒரு வரி இருந்தால், அந்த வரியிலேயே ஊரும் இருக்கும்.

தேடும் முறை: ஆத்தா காட்டின் இன்றைய சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போடுங்கள். இணையத்தில் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் குறிப்பிட்ட ஒரு வருஷத்திலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தியதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். யு.டி.ஆர். (நிலவுடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம்) காலத்தில் உட்பிரிவு எண்கள் மாறியிருக்கலாம், பழைய எண்ணை அ பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) பார்த்துக்கொண்டு போங்கள். இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டப்படி இரண்டு அட்டவணை உண்டு. இரண்டாவது சொத்தை வைத்து. முதலாவது ஆட்களின் பெயரை வைத்து. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவர் பெயரும் அதில் ஏறும். ஒன்றாம் புத்தகத்தையும் (அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் பதிவேடு) அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று 57ஆம் பிரிவு சொல்கிறது.

பத்திரம் கிடைத்தால் முதல் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். செக்குபந்தியைப் படியுங்கள், கிழக்கே யார் பூமி, வடக்கே யார் பூமி என்று. பிறந்த வீட்டுப் பூமியை விற்றால் நாலு எல்லையில் ஒன்றிரண்டில் அண்ணன் தம்பிகளே இருப்பார்கள். கடைசியில் ரேகை. பெருவிரல் ரேகையைச் சுற்றி ‘மேற்படி இன்னாள் இடது கைப் பெருவிரல் ரேகை’ என்று எழுத்தர் கையால் எழுதியிருக்கும். அதற்கும் கீழே, அவளை எனக்கு நேரில் தெரியும் என்று அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகள். அதில் ஒருத்தர் அனேகமாகப் பொறந்தவனாக இருப்பார். வேற்று ஊரில் ஒரு பெண்ணை வேறு யாருக்குத் தெரியும்?

நொய்யல்:

சட்டப் பிரிவெல்லாம் சரி. நான் போன ஓர் அலுவலகத்தில் பெயர் அட்டவணை என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். எந்தச் சொத்துக்குத் தாவா என்றுதான் கேட்டார்கள். பாட்டியைத் தேடி வந்தேன் என்றால் நம்ப மாட்டார்கள்.

பத்திரக்காரர் மகன்:

நம்ப மாட்டார்கள்தான். பாட்டி பேச்சையே எடுக்க வேண்டாம். சர்வே எண்ணும் பெயரும் வருஷமும் மனுவில் எழுதிக் கொடுத்துவிட்டு, முகூர்த்த நாள் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். கூட்டம் இல்லாத மத்தியானத்தில் கிடைக்கும் மரியாதையே வேறு.

பழைய ஜில்லா:

தேடுவோர் பழைய எல்லைகளையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1900ஐ ஒட்டிய காலத்தில் கோயமுத்தூர் ஜில்லாவில் காங்கயம் தாலூகாவும் கிடையாது, கோபி தாலூகாவும் கிடையாது. காங்கயம் தாராபுரம் தாலூகாவில் இருந்தது. கோபி ஊரில் தாலூகா கச்சேரி (அலுவலகம்) இருந்தாலும் தாலூகாவின் பெயர் சத்தியமங்கலம். கரூர் கோயமுத்தூரோடு இருந்து 1910இல் திருச்சிக்குப் போனது. 1979இல் ஈரோடு தனியாகப் பிரிந்தது, அதிலிருந்து காங்கயமும் தாராபுரமும் 2009இல் திருப்பூருக்குப் போயின. பழைய காகிதத்தில் ‘சத்தியமங்கலம் தாலூகா’ என்று பார்த்துவிட்டு மலையடிவாரம் வரைக்கும் போய்விடாதீர்கள்.

அதேபோல ‘தாது வருஷத்தில் வந்தோம்’ என்று யாராவது சொன்னால் தாது வருஷப் பஞ்சம் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை தாது வரும். பஞ்சம் 1876இல். அடுத்த தாது 1936. இரண்டுக்கும் நடுவில் இரண்டு பாட்டிகள் இருப்பார்கள்.

வால்பாறைக்காரன்:

இழையை முதலிலிருந்து படித்தேன். எல்லாம் பூமி இருந்தவர்கள் கதை. எங்கள் அம்மாயி வீட்டுக்குப் பத்திரமும் இல்லை, மஞ்சக்காணியும் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையாள் குடும்பம். ஊர் விட்டு ஊர் மாறினால் பின்னால் எந்தக் காகிதமும் வராது. செக்குபந்தியில் நாங்கள் வர மாட்டோம், வேலிக்கு உள்ளேதான் இருந்தோம். நாங்களெல்லாம் எதைத் தேடுவது?

ஒரு வழியை நானே கண்டேன், இங்கே உதவுமென்று சொல்கிறேன். அம்மாயியும் அவர் அம்மாவும் ஆனைமலை எஸ்டேட்டுக்கு ஏறிப் போனவர்கள். எஸ்டேட் செக்ரோலில் (வேலையாள் வருகை, சம்பளப் பதிவேடு) ஆண் தனி, பெண் தனி, பெயர் பெயராக ஏறும். பேர் போட்டால்தான் சம்பளம். அம்மாயியைப் பெற்றவர் பெயர், வயது, புருஷன் பெயர் எல்லாம் அப்படித்தான் கிடைத்தது. எழுதிய கிளார்க் கேரளாக்காரர் போல, பெயரைக் கொஞ்சம் மலையாளமாக்கிவிட்டார், பரவாயில்லை. ஊர்ப் பெயர் மட்டும் இல்லை.

இட்டேரி:

அண்ணா, நீங்கள் சொன்னது இந்த இழைக்கு ரொம்ப முக்கியம். பண்ணையாள் குடும்பங்களுக்கு நான் பார்த்த வரையில் பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு கைகொடுக்கிறது. அம்மாயியின் தம்பி தங்கை யாராவது ஒருவர் ஒரு வருஷம் பள்ளிக்குப் போயிருந்தால்கூடப் போதும். பிறப்பு இறப்புப் பதிவேட்டையும் பாருங்கள். பழைய கிராமப் பதிவில் குழந்தைக்குப் பெயர் இருக்காது, ‘பெண்’ என்று மட்டும் இருக்கும், ஆனால் தாய் தகப்பன் பெயர் இருக்கும். அந்தக் காலத்தில் அதை எழுதியவர் மணியக்காரர். 1980இல் பரம்பரை மணியம், கணக்குப்பிள்ளை பதவிகளை எடுத்தபோது எங்கள் ஊரில் கொஞ்சம் நோட்டுகள் அவர்கள் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. அந்த வீட்டு ஆட்களோடு பேச்சு வார்த்தை இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

சூலூர் பொடியன்:

இவ்வளவு அலைச்சல் எதற்கு? எச்சில் அனுப்பினால் தாய்வழி மரபணு பார்த்துச் சொல்லிவிடுகிறார்களே.

நொய்யல்:

தம்பி, தாயிடமிருந்து மகளுக்கு மாறாமல் வருகிற மைட்டோகாண்ட்ரியா மரபணு உண்மைதான். ஆனால் அது பல்லாயிரம் வருஷத்துக் கிளையைச் சொல்லும். அக்கா கேட்பது எந்தக் கரட்டுப்பாளையம் என்று. அதற்கு மொய் நோட்டே மேல்.

காங்கயத்துப் பேத்தி:

எல்லோருக்கும் நன்றிங்க. நொய்யல் அண்ணா விளையாட்டாகச் சொன்ன மொய் நோட்டுதான் முதல் கதவைத் திறந்தது. அம்மா கல்யாண மொய் நோட்டு பெரியம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு, மேலே பிள்ளையார் சுழி, ஊர் வாரியாகப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். காங்கயம், வெள்ளகோவில், ஊதியூர் எல்லாம் பக்கம் பக்கமாக. கடைசிக்கு முந்தின பக்கத்தில் ‘கரட்டுப்பாளையம் (கோபி)’ என்று தனித் தலைப்பு, கீழே இரண்டே பெயர். ஒருத்தர் பதினோரு ரூபாய். இன்னொருத்தர் பெயருக்கு நேரே தொகை இல்லை, ‘அம்மாயி பொறந்த வழி, சீர் சேலை 1, தேங்காய் பழம்’ என்று எழுதியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கு யார் யார் என்று தெரிய வேண்டுமே என்று எழுதிய புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். கீழ்பவானி சொன்னது சரியாக வந்தது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதற்கு மதிப்பெண் கிடையாது.

அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கோபி போனோம். அவருடைய பேரன் இருக்கிறார், வாழையும் மஞ்சளும் வைத்திருக்கிறார். ‘காங்கயத்துக்குக் கட்டிக் குடுத்த அத்தை’ என்று அவர்கள் வீட்டில் பேச்சு இருந்திருக்கிறது. கொடுத்ததற்குக் காரணமும் சொன்னார்: மாடு. சந்தைக்கடை மேடு அண்ணன் வாய்முகூர்த்தம். பழைய பத்திரமும் அங்கேயே இருந்தது, அவர்கள் பாட்டனாரே தங்கச்சி பூமியைக் கிரயம் வாங்கியிருக்கிறார். 1931ஆம் வருஷம். பத்திரக்காரர் மகன் அண்ணன் சொன்ன மாதிரியே கடைசிப் பக்கத்தில் இடது பெருவிரல் ரேகை, சுற்றிலும் எழுத்து. பெரியம்மா சொன்ன பெயரும் இல்லை, சின்ன அப்புச்சி சொன்ன பெயரும் இல்லை. பெயரை இங்கே பொதுவில் போட அம்மா சம்மதிக்கவில்லை, மன்னியுங்கள்.

அடுத்த படியில் நிற்கிறேன். அவரைப் பெற்றவர் டணாய்க்கன்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று அந்த வீட்டில் சொல்கிறார்கள். அது பவானிசாகர் அணைக்குள் போய்விட்டதே. தண்ணீர் வற்றினால் பழைய கோயில் தெரியும் என்று செய்தியில் பார்ப்போம், அந்த ஊர்தான். ஊரே இல்லாத இடத்தில் யாரைக் கேட்பது?

கீழ்பவானி:

மதிப்பெண் வேண்டாம் அக்கா, ஊருக்கு வந்தும் எங்கள் வீட்டுக்கு வராமல் போனதுதான் வருத்தம்.

ஊர் போனாலும் கணக்குப் போகாது. அணைக்கு 1948இல் வேலை தொடங்கியபோது பூமி எடுத்தது 1894ஆம் வருஷ நில எடுப்புச் சட்டப்படி. அந்தச் சட்டத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உரிமை சொன்னவர்கள் யார், யாருக்கு எவ்வளவு தொகை என்று தீர்வம் எழுதியாக வேண்டும். தொகையில் பங்கு கேட்டு விதவைகளும் மகள்களும் மனுப் போட்டிருந்தால் அந்தப் பெயர்களும் உள்ளே இருக்கும். பிறந்த வீட்டில் அப்போது யார் இருந்தார்கள் என்று தெரிந்தால் அங்கிருந்து மேலே போகலாம். அங்கிருந்து எழுந்து வந்த குடும்பங்கள் அணையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் சத்தி, புளியம்பட்டிப் பக்கமும் இருக்கிறார்கள்.

பத்திரக்காரர் மகன்:

தீர்வ நகலை வருவாய்த் துறையில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கிராமத்தின் அன்றைய பெயரை எழுதுங்கள், இன்றைய பஞ்சாயத்துப் பெயரை எழுதினால் ‘ஆவணம் இல்லை’ என்று ஒரே வரியில் பதில் வரும். கூடவே 1931 பத்திரத்தில் சாட்சி போட்ட இரண்டாவது ஆள் எந்த ஊர் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

காங்கயத்துப் பேத்தி:

பார்த்தேனுங்க. முதல் சாட்சி உள்ளூர்க்காரர். இரண்டாவது ஆளுக்கு ‘சத்தியமங்கலம் தாலூகா’ வரைக்கும் படிக்க முடிகிறது. கிராமத்தின் பெயர் மேல் ரிஜிஸ்தர் முத்திரை விழுந்திருக்கிறது. பெரிதாக்கி எடுத்த போட்டோவை இங்கே போடுகிறேன், பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். கடைசி எழுத்து ‘டி’யா ‘வி’யா என்பதில் வீட்டில் சண்டையே நடக்கிறது.